குடை வைத்த இடம்

அக்கா,

இன்று பிள்ளையின் தொட்டிலை அவிழ்த்தோம். இனி அது அவளுக்குப் போதாது. படுக்க வைத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது; ஆட்டினால் அலுமாரியில் போய் இடிக்கிறாள், இடித்துவிட்டுச் சிரிக்கிறாள். அவளுடைய அப்பா ஸ்டூலில் ஏறி, வளையத்திலிருந்து முடிச்சைக் கழற்றினார். சீலை சரிந்து என் கையில் விழுந்தது. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மெல்லிய தங்க நிறக் கோடு. உங்களுடைய ஆபீஸ் சீலை. முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். பால் வாசமும் பிள்ளையின் தலை எண்ணெய் வாசமும் இருந்தன. உங்கள் வாசம் இல்லை. இத்தனை தடவை சவர்க்காரம் போட்டுத் துவைத்த துணியில் எப்படி இருக்கும்? இருந்தாலும் மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேடினேன்.

"என்ன, ஏதும் விழுந்துருச்சா?" என்று ஸ்டூலில் நின்றபடியே கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" என்றேன்.

பிள்ளை பிறந்த புதிதில் நீங்கள் ஹாலிஎல வீட்டுக்கு வந்தீர்கள். கையில் பேக்கரிப் பை. அதற்குள் கேக்கும் இந்தச் சீலையும் ஒன்றாகக் கிடந்தன. "புதுச் சீல புள்ளைக்குக் குத்தும்டி. இது கவுண்டர்ல ஒக்காந்து ஒக்காந்தே நைஞ்ச சீல. இதக் கட்டிக்கிட்டா எனக்கே அங்க தூக்கம் தூக்கமா வரும். ஒம்மகளுக்கு வராதா?" என்று சொல்லி, நீங்களே வளையத்தில் முடிச்சுப் போட்டீர்கள். அந்த முடிச்சை நாங்கள் மாற்றவே இல்லை. துவைத்த பிறகெல்லாம் அதே மாதிரிதான் போட்டோம். இன்றுதான் முழுதாக அவிழ்ந்திருக்கிறது.

போன கிழமை நம் ஆபீஸ் மேனேஜர் சேர் போன் எடுத்தார். நல்ல மனிதர்தான், உங்களுக்கும் தெரியும். முதலில் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். பிறகு, "அந்த சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் முதல்லேருந்து சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு. ஒங்களுக்கு வேல தெரியும். யோசிச்சுட்டு திங்கட்கிழம நேர்ல வாங்களேன்" என்றார்.

அந்த சீட் என்று அவர் சொன்னது உங்களுடையதை. நீங்கள் இருந்திருந்தால், போகவா வேண்டாமா என்று உங்களிடம்தான் கேட்டிருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் அப்படி ஒரு கேள்வியே வந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிறபோது எனக்கு எங்கும் வலிப்பதில்லை அக்கா. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காத வாய் மாதிரி இருக்கிறது. விரலால் தொட்டால் என் கன்னம்தான் என்று விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

நம்முடைய பஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன். பண்டாரவளையிலிருந்து வருகிற காலை பஸ். நீங்கள் தெமோதரையில் ஏறுவீர்கள். எப்படியோ தள்ளி முண்டி இரண்டு பேர் அமரும் சீட் ஒன்றைப் பிடித்து, பக்கத்தில் உங்கள் பூப்போட்ட குடையை வைத்துவிடுவீர்கள். ஹாலிஎலயில் நான் ஏறும்போது பஸ்ஸுக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அந்தக் குடை மட்டும் மகாராணி மாதிரி ஜன்னலோரம் அமர்ந்திருக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் உங்களிடம் ஒரே பதில்: "ஆள் இருக்கு."

நம் கண்டக்டர் அண்ணனுக்கு அது பொறுக்காது. அரைகுறைத் தமிழில் சண்டைக்கு வருவார்.

"மிஸ், கொடைக்கும் சீட்டா?"

"ஆள் இருக்கு அண்ணே."

"எங்க ஆளு?"

"ஹாலிஎலயில நிக்கிது."

"அப்ப ஹாலிஎல வரைக்கும் ஒரு ஆள் ஒக்காரட்டும்தானே?"

"ஒக்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க அண்ணே. நம்ம சனத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? இந்தாங்க, கொடைக்கும் சேத்து டிக்கட் குடுங்க."

வாங்கவும் செய்வீர்கள். பின்னாலிருந்து யாராவது, "கொடைக்குப் பாதி டிக்கட் போதும் அண்ணே, சின்னக் கொட" என்று கத்துவார்கள். பஸ்ஸே சிரிக்கும். வயதானவர்களோ பிள்ளை தூக்கியவர்களோ ஏறினால் நீங்கள் எழுந்து உங்கள் இடத்தைக் கொடுத்துவிடுவீர்கள். குடையின் இடத்தைக் கொடுக்க மாட்டீர்கள். எத்தனையோ நாள் நான் ஏறும்போது நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள், குடை அமர்ந்திருக்கும். "ஏங்க்கா இப்பிடி?" என்று கேட்டால், "எனக்கு நிக்கப் பழக்கம். நீ நின்னா வரைய மாட்ட" என்பீர்கள்.

உண்மைதான். நான் அந்த பஸ்ஸில் வரைந்துகொண்டு வந்தேன். ஆபீஸிலும் வரைந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பனியின் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் எனக்குக் கிடைத்த காகிதம். கவுண்டருக்கு வருகிறவர்களின் முகங்கள், அவர்களின் தொப்பிகள், அவர்கள் கொண்டுவருகிற பைகள். நீங்கள் அவர்களோடு பேசிக்கொண்டே மேசைக்குக் கீழே என் காலைத் தட்டுவீர்கள். அவர்கள் போனதும், "மூக்கு இன்னும் கொஞ்சம் பெருசுடி. கூட்டிக்கிட்டு வரவா திரும்ப?" என்பீர்கள்.

உங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சுவருக்குப் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். அம்மாமார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அந்தச் சின்னக் கட்டடம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, சீலையோடேயே இருவரும் போனோம். யானை வரைந்தேன், ரயில் வரைந்தேன், ஒரு கோழி வரைந்தேன். கோழிக்குப் பின்னால் குஞ்சு ஒன்று வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். "நானே போடுறேன், நகரு" என்று தூரிகையைப் பிடுங்கினீர்கள். மஞ்சள் பெயின்டை அள்ளி வீசின வேகத்தில் ஒரு சொட்டு என் சீலைக் கொசுவத்தின் அடியோரத்தில் விழுந்தது. அது கம்பனி புதிதாகக் கொடுத்த சீலை.

"ஐயையோ! சேர் பாத்தா?"

"சேர் ஏங்க்கா என் கொசுவத்தப் பாக்கப்போறாரு?"

அங்கிருந்த ஆயாம்மா சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டன. உங்கள் குஞ்சைப் பார்த்து ஒன்று, "லட்டு!" என்றது. அதன் பிறகு அந்த மடுவத்தில் அது லட்டுத்தான். நீங்கள் கால் வைத்து, கண் வைத்து, அலகு வைத்து எவ்வளவோ பாடுபட்டீர்கள். லட்டுக்குக் கால் முளைத்ததே தவிர அது குஞ்சாகவில்லை.

அந்தச் சுவரை யாரோ போனில் படம் எடுத்து, அது எங்கெங்கோ போய், தெமோதரைக்கு மேலே வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற வீடு வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டபோது நான் மகப்பேறு லீவில் இருந்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய சாப்பாட்டு அறைச் சுவரை முடித்தேன். அடுத்த வீட்டுக்காரரும் கேட்டார். லீவு முடிகிற நேரத்தில் உங்களைப் பதுளை பஸ் நிலையத்தில் பிடித்துச் சொன்னேன்: நான் திரும்பி வரப்போவதில்லை, சுவர் வரையப் போகிறேன். சொல்லும்போது என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை. நீங்கள் ஆசீர்வாதமெல்லாம் செய்யவில்லை. குடையால் என் தோளில் ஓர் அடி.

"போறதுன்னா போ. ஆனா ஒண்ணு. திரும்பி வந்தா நான் எந்திரிச்சு எடம் தர மாட்டேன். பஸ்ஸுல தாறாளே, ஆபீஸ்லயும் தருவாள்னு நெனச்சிக்கிட்டு வராத."

"நீங்க எதுக்கு எந்திரிக்கணும்? என்னோட சீட் வேறதானே?"

"அது ஜன்னல் பக்கத்து சீட்டுடி. இன்னைக்கே என் பேக்க வெச்சுப் புடிச்சிட்டேன்."

பிறகு என் கம்பனிச் சீலைகளைக் கேட்டீர்கள், இனி எனக்கு எதற்கு என்று. மஞ்சள் சொட்டு விழுந்ததைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "இது நான் போட்ட கறை. நானே கட்டிக்கிறேன்" என்றீர்கள். கறை வெளியே தெரியாமல், உள் மடிப்புக்குப் போகும்படி கொசுவம் வைக்கக் கற்றுக்கொண்டீர்கள். உங்களுடைய நைந்த சீலை ஏற்கெனவே என் வீட்டு வளையத்தில் தொங்கியது; அதற்குப் பதிலாக என்னுடையது உங்களிடம் வந்தது.

சுவர் வேலை எப்படி என்று போனில் கேட்பீர்கள். நான் எல்லாவற்றையும் சொல்வேன். வரையச் சொல்கிற எல்லோருக்கும் வேண்டியது கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண், பின்னால் பாலம், பாலத்தில் ரயில். ஒருமுறை அப்படி ஒரு சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டீர்கள். "எங்கம்மாவ நீ பாத்திருக்கதானே? அட்ட கடிக்கிறப்ப இப்பிடியா ஈன்னு பல்லக் காட்டிக்கிட்டு நிப்பாங்க?" அடுத்த சுவரில் வாயை மூடி வரைந்தேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து, கொஞ்சம் சிரிக்க வையுங்களேன் என்றார். சிரிக்க வைத்தேன் அக்கா. பிள்ளைக்குப் பால் மா வாங்க வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் வேலை வராது. மண் சரிந்து பாதை மூடினால் தங்க ஆள் வராது. ஆள் வராவிட்டால் சுவருக்குப் படம் எதற்கு? அந்த மாதங்களில் நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன். இவருக்குப் பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாததுதான் எனக்குப் பயம்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தது மாசக் கடைசியில். "பெனடோல் போட்டிருக்கேன், இந்த வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டுப் படுத்துக்கிறேன்" என்று பஸ்ஸிலிருந்து பேசினீர்கள். பின்னால் கண்டக்டர் அண்ணன் குரல் கேட்டது. அதுதான் நான் கடைசியாகக் கேட்டது: உங்கள் குரலும், பஸ் சத்தமும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காய்ச்சல் உங்களை விட்டுப் போகிற நிலையில் இல்லை. அன்றிலிருந்து நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். சாப்பிடும்போது, விளையாடும்போது, தூங்கும்போது. அவளுக்கே பழகிவிட்டது. நான் கிட்டே போனாலே நெற்றியை நீட்டுகிறாள்.

உங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, நான் வந்தபோது வாசலில் வெள்ளைக் கொடிகள் கட்டி முடித்திருந்தார்கள். பேனரில் உங்கள் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. படத்தின் ஓரத்தைச் சரியாக வெட்டவில்லையே, முடி இருந்த இடத்தில் வெள்ளை நிற்கிறதே என்றுதான் என் மனம் போனது. அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகிறவர்களுக்கு நடுவே போய் நின்றும் பார்த்தேன்.

உள்ளே ஒரு சின்னப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு உடுத்தக் கோயிலிலிருந்து யாரோ வெள்ளைச் சீலை கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் அம்மா அதைத் தொடவே விடவில்லையாம். "எம்மவ ஆபீஸ்காரி. இந்த லயத்துலேருந்து மொதல்ல ஆபீஸுக்குப் போனவ. ஆபீஸ் சீலையிலயே போகட்டும்." பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் அப்படியே உடுத்தியிருந்தார்கள். கையில் ஜெபமாலை. தோளில் கம்பனி பின். அரக்குச் சிவப்பு, தங்க நிறக் கோடு.

பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் முகத்தைப் பார்க்கும் முன் நான் பார்த்தது கொசுவத்தை. உடுத்தியவர்களுக்கு உங்கள் மடிப்பு தெரியாதல்லவா? மஞ்சள் சொட்டு வெளியே இருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நடுவில்.

என் சீலை. உங்கள் சொட்டு.

என் கை தானாகவே போனது. மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"என்னம்மா அது, கறையா?"

"பெயின்டும்மா."

"ஆபீஸுல ஏது பெயின்டு?"

"புள்ள மடுவத்துலம்மா. அக்கா ஒருநாள் எங்கூட செவுத்துல படம் போட்டாங்க. கோழிக்குப் பின்னால மஞ்சளா ஒண்ணு இருக்குல்ல, அது அக்கா போட்டது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "அதா? தெனமும் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப கதவு வழியாத் தெரியுமே. அது பலாப்பழம்னுல்ல நெனச்சேன்."

எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. மடுவத்து ஆயாம்மாதான். அம்மா சிரிக்கவில்லை. சொட்டின் மேல் விரலை வைத்து, மெல்லத் தடவினார்கள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே, கள்ளி. ஏம்மா, அது என்னது அப்ப?"

"கோழிக்குஞ்சும்மா."

"கோழிக்குஞ்சு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "விடும்மா. உள்ள தள்ளாத. வெளியவே இருக்கட்டும்" என்றார்கள். விட்டேன். அப்படியேதான் போனீர்கள்.

அதன் பிறகு மாதங்கள் போய்விட்டன. சுவர்கள் வரைந்தேன், பிள்ளைக்குப் பல் முளைத்தது, மழை வந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. பிறகு போன கிழமை அந்த போன் வந்தது.

இவரிடம் சொன்னேன். "மாசம் முடிஞ்சா சம்பளம் வரும். நீதான் யோசிக்கணும். எனக்கு ரெண்டும் சரி" என்றார். எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. பிள்ளையை ஒருநாள் நர்சரியில் சேர்க்க வேண்டும். மழை விடுகிற மாதிரி இல்லை. தெமோதரையில் ஒருவர், செவ்வாய்க்கிழமை வந்து பின்சுவரைப் பாருங்கள் என்றிருந்தார். பார்த்தால் வேலை வருமா என்று தெரியாது. ஆபீஸுக்குப் போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. நினைத்திருக்கவும் மாட்டீர்கள், திட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

இன்றுதான் அந்தத் திங்கட்கிழமை. தொட்டிலைப் பற்றி முதலில் எழுதிவிட்டேன், இதை எழுதக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஹாலிஎலயில் நம் பஸ்ஸையே பிடித்தேன். கண்டக்டர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு டிக்கட் கிழிக்க மறந்து நின்றார். பிறகு கிழித்துத் தந்தார். ஒன்று. பதுளை வரை நின்றுகொண்டே போனேன். நிற்பது எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஆபீஸில் ஒன்றும் மாறவில்லை. அதே மணம், அதே மின்விசிறி. சேர் எழுந்து வந்து, "வாங்க வாங்க" என்று கவுண்டருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சீலை பார்சலாகக் கட்டி மேசையில் இருந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலி துடைத்து வைத்திருந்தது. முதலில் என்னுடையது, பிறகு நீங்கள் பேக்கை வைத்துப் பிடித்தது.

"ஒக்காருங்களேன்" என்றார் சேர்.

சரி சேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதைத்தான் பஸ்ஸிலேயே தயார்பண்ணி வைத்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆள் இருக்கு சேர்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொன்னது எனக்கே கேட்டது, ஆனால் திருத்தத் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, "ம்... எனக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றார். "ரீ ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன். நின்றபடியே.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இனி அந்தக் கதவு திறக்காது என்பது எனக்குத் தெரியாமலா? பால் மா, நர்சரி, மழை என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் பயந்துகொண்டே, "நாளைக்குத் தெமோதரைக்குப் போகணுங்க. அந்த ஆளு வீட்டுல புதுசா தர போட்டிருக்காரு. கீழ விரிக்கப் பழைய துணி ஏதாச்சும் வேணும்" என்றேன்.

அப்போதுதான் இவர் எழுந்து போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தொட்டிலுந்தான் சின்னதாப் போச்சே" என்று சொல்லிக்கொண்டு ஏறினார்.

இப்போது உங்கள் சீலை மடித்து என் பெயின்ட் பைக்குள் இருக்கிறது. பிள்ளை கட்டிலில் கால் நீட்டித் தூங்குகிறாள். நெற்றி குளிர்ந்துதான் இருக்கிறது, இப்போதும் தொட்டுப் பார்த்தேன். அழுகை வந்ததா என்று கேட்காதீர்கள். இன்னும் வரவில்லை. பயம் இருக்கிறது, அது ஒன்றுதான் நன்றாகத் தெரிகிறது. நாளைக்குத் தெமோதரைக்குப் போகிற வழியில் உங்கள் லயத்தில் இறங்கி, அம்மாவை மடுவத்துக்குக் கூட்டிப்போவேன். ஈரத்தில் சுவர் பொரிந்திருக்கிறதாம், ஆயாம்மா சொல்லியனுப்பினாள். யானையையும் ரயிலையும் திருத்துவேன். குஞ்சைத் திருத்த மாட்டேன்.

அதன் பிறகு அந்தப் பின்சுவர். அது யாருக்குப் பிடிக்குமோ தெரியாது, சிரிக்காத முகம் ஒன்று போடலாம் என்றிருக்கிறேன். கீழே உங்கள் சீலையை விரிப்பேன். சொட்டினால் சொட்டட்டும்.